அரைக் கிரவுண்டில் சொந்த வீடு: வடசென்னையில் நீங்களே நின்று கட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

கொடுங்கையூர் முத்தமிழ் நகர் பக்கம் எங்களுடைய அரைக் கிரவுண்டு மனையில், பொருளை நான் வாங்கிக் கொடுத்து, வேலையை மட்டும் லேபர் கான்ட்ராக்ட்டில் விட்டு வீடு கட்டினேன். அதன் பிறகு திருவொற்றியூரில் மச்சான் வீடு, மாதவரத்தில் அக்கா வீடு என்று இரண்டு இடத்திலும் கூடவே நின்றேன். முதல்முறை கட்டுகிறவர்கள் டைல்ஸ், பெயின்ட், கதவு டிசைனுக்கெல்லாம் மாதக்கணக்கில் அலைகிறார்கள். மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் போய் மறையும் வேலை நடக்கிற அன்று ஆபீசில் இருக்கிறார்கள். டைல்ஸை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மூடிய பிறகு கம்பியை மாற்ற முடியாது. அதனால், ஒவ்வொன்றும் மூடப்படும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்ற வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

1. பத்திரம், பட்டா, அளவு

பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் நான்கையும் மேஜையில் பரப்பி வையுங்கள். பெயர், சர்வே எண், நான்கு எல்லை, பரப்பு எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பழைய பேட்டைகளில் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது சகஜம். பெயர் மாற்றத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிளான் அனுமதி, வங்கிக் கடன் இரண்டும் அங்கேதான் நிற்கும்.

அப்புறம் டேப் பிடித்து மனையை அளந்து பாருங்கள். பத்திரத்தில் 30-க்கு 40 என்று இருக்கும், தரையில் 29-க்கு 39½ இருக்கும். தரையில் உள்ள அளவுக்குத்தான் பிளான் போட வேண்டும். பத்திர அளவுக்குப் பிளான் போட்டுவிட்டு, பில்லர் குழி தோண்டும் நாளில் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீட்டுக்கு இணையதளம் வழியாகவே அனுமதி பெறலாம். அரைக் கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு வீடுகளுக்கு இதுவே எளிய வழி. ஆனால் சான்று கொடுப்பது நீங்கள்தான். விதியை மீறிக் கட்டினால் பொறுப்பும் உங்களுடையதுதான். கடலோரம், எண்ணூர் கழிமுகம், பக்கிங்காம் கால்வாய் இவற்றின் அருகில் மனை இருந்தால், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்பதைப் பிளான் போடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. வெள்ளக் கோடும் சாலை மட்டமும்

பேஸ்மென்ட் (மண்ணுக்கு மேல் வீட்டுத் தரை வரை எழுப்பும் பகுதி) எவ்வளவு உயரம் என்று மேஸ்திரியைக் கேட்காதீர்கள். தெருவைக் கேளுங்கள். 2015 மழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று நான்கு வீட்டில் விசாரித்தால் சுவரிலேயே காட்டுவார்கள். எண்ணூர் ஆற்றோரத்தில் 2023 வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்ததால், சில சுவர்களில் அந்தக் கறுப்புக் கோடே அளவுகோலாக நின்றது.

இரண்டாவது, சாலை. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பழையதைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் அரசு உத்தரவிட்டது. இருந்தாலும் வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் இரண்டு படி கீழே இறங்கி நுழைகிற வீடுகளைப் பாருங்கள். அவற்றில் பல, கட்டிய காலத்தில் தெருவுக்கு மேலே இருந்தவைதான்.

என் கணக்கு இதுதான்: வெள்ளக் கோட்டுக்கு மேல் அரை அடி, சாலையின் நடு மட்டத்துக்கு மேல் 3 அடி, இரண்டில் எது அதிகமோ அது வீட்டுத் தரை மட்டம். கார், பைக் நிறுத்தும் இடத்தைத் தாழ்வாக வைத்துக்கொள்ளலாம். சரிவுப் பாதைக்கு மனைக்குள்ளேயே இடம் விடுங்கள். தெருவில் நீட்டிக் கட்டிய சரிவை, வடிகால் வேலை வரும்போது உடைத்துவிடுவார்கள்.

டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்து இந்த மட்டத்தை எதிர்வீட்டுச் சுவரிலோ மின்கம்பத்திலோ பெயின்ட்டால் குறித்து வையுங்கள். வீடு முடியும் வரை எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். மனைக்குள்ளேயே செங்கல் மேல் குறித்தால், ஜேசிபி வந்த அன்றே அது காணாமல் போகும்.

3. மண் பரிசோதனை

மூன்று வீட்டுக்கும் மண் வேறு. கொடுங்கையூரில் எங்கள் மனையில் நான்கு அடி வரை கொட்டி நிரப்பிய குப்பை மண், பிளாஸ்டிக் கவர்கூட வந்தது. அதற்குக் கீழே களிமண். திருவொற்றியூரில் மேலிருந்தே மணல், ஐந்தாவது அடியில் தண்ணீர். 'பக்கத்து வீட்டுக்கு ஐந்தடி தோண்டினார்கள், நமக்கும் ஐந்தடி போதும்' என்பது இந்தப் பக்கத்தில் செல்லாது. ஏரி, குட்டை, பள்ளம் என்று நிரப்பிய இடங்கள் தெருவுக்குத் தெரு மாறும்.

அரைக் கிரவுண்டுக்குக்கூட இரண்டு இடத்தில் துளைபோட்டு மண் பரிசோதனை செய்யுங்கள். அந்த அறிக்கையை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையில் கொடுத்த பிறகுதான் அஸ்திவாரப் படம் வர வேண்டும். களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அந்த அசைவுக்குக் கீழே போக வேண்டுமா, பைல் (ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போட வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல முடியும். படத்தை முதலில் வரைந்துவிட்டு மண்ணை அப்புறம் பார்ப்பதுதான் நான் அதிகம் பார்த்த வரிசைப் பிழை.

4. தண்ணீர்: வடசென்னையில் இதுதான் முதல் பொருள்

சிமென்ட் எந்த பிராண்ட் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்தத் தண்ணீரில் கலக்கப்போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கடலோரப் பகுதிகளில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அந்த உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் போனால் கம்பி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். துரு, கம்பியைவிட அதிக இடம் கேட்கும். அதனால் கான்கிரீட் வெடித்துச் சில்லு சில்லாக உதிரும். பத்துப் பதினைந்து வருடத்திலேயே சன்ஷேட் உதிர்ந்து கம்பி தெரிகிற வீடுகள் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எத்தனையோ இருக்கின்றன.

இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 6-க்குக் குறையக்கூடாது என்கிறது. ஒரு பாட்டில் தண்ணீரை லேபில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். செலவு கொஞ்சம்தான். தேறவில்லை என்றால் லாரித் தண்ணீர்தான். அந்த லாரித் தண்ணீரும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, ஒருமுறை அதையும் சோதியுங்கள்.

கலப்பதற்கு நல்ல தண்ணீர், க்யூரிங்குக்கு (போட்ட கான்கிரீட்டை நனைத்து வைப்பதற்கு) போர் தண்ணீர் என்று பிரிக்காதீர்கள். செங்கல் நனைப்பது, பேஸ்மென்ட் மண்ணை நனைத்து அமுக்குவது எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீரே வேண்டும். உப்புத் தண்ணீரில் நனைத்த செங்கல் சுவரில் வெள்ளையாகப் பூத்து, பெயின்ட்டைத் தள்ளும். எங்கள் போர் தண்ணீரை நான் சட்டி, மண்வெட்டி கழுவ மட்டும் விட்டேன்.

அதனால் சம்ப்பை (தரைக்குக் கீழுள்ள தண்ணீர்த் தொட்டியை) முதலிலேயே கட்டிவிடுங்கள். வேலைக்குத் தண்ணீர் சேமிக்கும் தொட்டி அதுவே ஆகிவிடும். அதன் வாய் சாலையைவிடவும் வெள்ளக் கோட்டைவிடவும் உயரமாக இருக்கட்டும், மழைநாளில் சாக்கடை உள்ளே போகாது. தற்காலிக மின் இணைப்பையும் இதோடு வாங்கிவிடுங்கள். பழைய வீட்டு இணைப்பிலிருந்து ஒயர் இழுத்து மோட்டார், மிக்ஸர் ஓட்டுவது விதிமீறல், ஈரமான இடத்தில் ஆபத்தும்கூட.

5. மேஸ்திரியோடு எழுத்தில்

லேபர் கான்ட்ராக்ட் சதுர அடி ரேட்டில் பேசப்படும். சண்டை வருவது ரேட்டில் அல்ல, எதையெல்லாம் சதுர அடியில் சேர்ப்பது என்பதில்தான். சன்ஷேட், லாஃப்ட், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், மாடிப்படி மேலுள்ள ஹெட்ரூம், சம்ப், காம்பவுண்ட் சுவர் இவை ஒவ்வொன்றும் ரேட்டுக்குள்ளா, தனியா என்று பெயர் சொல்லி எழுதுங்கள். சென்ட்ரிங் சாமான் (கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் பலகை, முட்டு) வாடகை, மிக்ஸர், வைப்ரேட்டர் (கான்கிரீட்டை அதிரவைத்து இறக்கும் கருவி), சாரம் யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள்.

பணத்தை வேலையின் படிகளுக்குப் பிரியுங்கள்: பேஸ்மென்ட் முடிந்ததும், லிண்டல் (கதவு, ஜன்னல் மேல் வரும் கான்கிரீட் பட்டை), ரூஃப், பூச்சு, கடைசி வேலை. வாராவாரம் சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க மேஸ்திரிக்குப் பணம் தேவைப்படும், அதில் நியாயம் இருக்கிறது. அந்த வாரப் பணத்தை நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, படியின் தொகையில் கழித்துக்கொள்ளுங்கள். முடிந்த வேலையைவிடக் கொடுத்த பணம் அதிகமாகிவிட்டால், ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். எங்களுக்கு லிண்டல் மட்டத்தில் ஆறு வாரம் அப்படி வேலை நின்றது. முன்பணம் கேட்டபோது யோசிக்காமல் கொடுத்தது என் தவறு.

6. எந்த மாதத்தில் எது

தை பிறந்ததும் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பியிருப்பார்கள், நிலத்தடி நீரும் மெதுவாக இறங்கத் தொடங்கியிருக்கும். பங்குனிக்குள் பேஸ்மென்ட் முடிய வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் ரூஃப் போட்டு, வெளிப்பூச்சும் முடிந்திருந்தால், மழைக்காலத்தில் உள்வேலை பார்க்கலாம். ஆவணியில் வானம் தோண்டத் தொடங்கிய ஒருவர், குழியில் நின்ற தண்ணீரை மார்கழி வரை இறைத்துக்கொண்டிருந்தார்.

7. வானம் தோண்டும்போது பக்கத்துச் சுவர்

நெருக்கமான தெருக்களில் பக்கத்து வீட்டுச் சுவர் உங்கள் எல்லையிலேயே நிற்கும். அதன் அஸ்திவாரம் பெரும்பாலும் உங்களுடையதைவிட மேலாகத்தான் இருக்கும். முழு நீளத்துக்கும் ஒரே நாளில் ஜேசிபி விட்டால் அந்தச் சுவர் பிடிமானம் இழக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு குழி விட்டு ஒரு குழியாகத் தோண்டி, கான்கிரீட் போட்டு, மண் மூடிய பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

தோண்டுவதற்கு முன் பக்கத்து வீட்டாரை அழைத்து, அவர்கள் சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல்களை இருவரும் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "அக்கா, வேலையில ஏதாவது ஆச்சுன்னா நாங்களே சரி பண்ணிக் கொடுத்துடுறோம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு வரும் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

மணல் பகுதியில் குழிக்குள் மோட்டார் போட்டுக் கண்டபடி இறைக்காதீர்கள். தண்ணீரோடு மணலும் வரும். அது பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தின் கீழிருந்து வரும் மணல். திருவொற்றியூரில் இறைத்த தண்ணீர் கலங்கி வந்த உடனே நிறுத்தி, இன்ஜினியரை வரவழைத்து, முறையாக வடிகுழாய் இறக்கித்தான் மேலே போனோம்.

குழி அடி மண்ணை இன்ஜினியர் நேரில் பார்த்து 'சரி' சொல்லும் வரை பி.சி.சி. (குழி அடியில் கம்பி இல்லாமல் போடும் கான்கிரீட்) போட விடாதீர்கள். அறிக்கையில் உள்ள மண் வந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

8. கம்பி: எண்ணிப் பார்க்க வேண்டியவை

கம்பியை எடைமேடை ரசீதோடு வாங்குங்கள். 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்றின் எடை: 8 எம்.எம். 4.74 கிலோ, 10 எம்.எம். 7.4, 12 எம்.எம். 10.66, 16 எம்.எம். 18.96. 10 எம்.எம். வரை 7 சதவீதமும், அதற்கு மேல் 16 எம்.எம். வரை 5 சதவீதமும் வித்தியாசம் அனுமதிக்கப்படுகிறது. அதற்கு மேல் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள்.

வந்த கம்பியைத் தரையில் போடாதீர்கள். கட்டை மேல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். கடற்காற்றில் இரண்டு மாதம் கிடந்தால் செதில் செதிலாகத் துரு வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தேவையானதை மட்டும் வாங்குவது நல்லது.

கம்பி கட்டி முடித்ததும், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு விஷயம் பாருங்கள். கம்பியின் எண்ணிக்கையும் தடிமனும் சரியா? ரிங் (நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) இடைவெளி, பில்லரின் மேல் கீழ் முனைகளில் படத்தில் உள்ளபடி நெருக்கமாக இருக்கிறதா? ரிங்கின் முனைகள் உள்நோக்கி 135 டிகிரி மடிக்கப்பட்டுள்ளனவா? சென்னை நில அதிர்வு மண்டலம் மூன்றில் வைக்கப்பட்ட ஊர். வெறும் 90 டிகிரி மடிப்பு, ஆட்டத்தில் திறந்துகொள்ளும். நான்காவது, எல்லாப் பில்லரிலும் கம்பி ஒட்டு (ஒரு கம்பியோடு அடுத்த கம்பியைச் சேர்க்கும் இடம்) ஒரே உயரத்தில் வந்துவிடக்கூடாது.

கவர் பிளாக்கை (கம்பி பலகையைத் தொடாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டி) மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே நிற்கும் கான்கிரீட்தான் கம்பியின் தோல். அஸ்திவாரத்தில் குறைந்தது 50 எம்.எம்., பில்லரில் 40 எம்.எம். என்பது பொதுவான அளவு. கடலோரத்தில் தளத்துக்கும் பீமுக்கும்கூட வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும், அதை இன்ஜினியர் படத்தில் எழுதியிருக்க வேண்டும். ஆட்கள் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டைச் சொருகுவார்கள். யாராவது கம்பி மேல் ஏறி நின்றால் அது நழுவிவிடும், கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும். "முப்பது வருஷமா இப்படித்தான் சார் போடுறோம்" என்று எங்கள் மேஸ்திரி சொன்னார். "அண்ணே, இந்த வீட்டுக்கு மட்டும் பிளாக் வெச்சுடுங்க" என்று கேட்டுக்கொண்டு, தேவைக்கு மேலேயே வாங்கிக் கையில் கொடுத்தேன். சண்டை போடுவதைவிட இது பலன் தந்தது.

9. செங்கல், மணல், ஜல்லி

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு செங்கல்லைத் தட்டினால் மணிச் சத்தம் வர வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் உடையக்கூடாது. கான்கிரீட்டுக்கும் கட்டுக்கும் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்), பூச்சுக்கு அதைவிட நைசான பி-சாண்ட். இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. லாரி கொட்டுவதற்கு முன் நீளம், அகலம், உயரம் அளந்து பெருக்கிப் பாருங்கள். கொட்டிய குவியலை அளக்க முடியாது. லோடு பெரும்பாலும் இரவில்தான் வரும். அந்த நேரத்தில் நம்பகமான ஓர் ஆள் டேப்போடு நிற்க வேண்டும். தெருவோர மழைநீர் வடிகால் மீது மணலைக் கொட்ட விடாதீர்கள், அடுத்த மழையில் உங்கள் தெருவே தண்ணீரில் நிற்கும்.

10. ரூஃப் கான்கிரீட் நாள்

முந்தைய நாள் மாலையே செய்ய வேண்டியவை: சென்ட்ரிங் முட்டுகளின் அடியில் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் மண்ணில் நின்றால் எடை ஏறியதும் புதையும். எலக்ட்ரீஷியன் பைப், ஃபேன் பாக்ஸ், குழாய் இறங்கும் ஓட்டைகள், பாத்ரூம் தாழ்வுத் தளம் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். தளம் காய்ந்த பிறகு ஓட்டை போட்டால் கம்பியை வெட்டுவார்கள். எல்லாவற்றையும் ஒவ்வோர் அறையாகப் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போதுகூட உதவும்.

கையால் கலப்பதானால், எம்-20 (கான்கிரீட்டின் பலத் தரம், எண் கூடினால் பலம் கூடும்) கான்கிரீட்டுக்கு 1:1½:3. ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு, அந்த ஒரு மூட்டை கொள்ளும் அளவுப் பெட்டியில் ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி (முக்கால் அங்குல ஜல்லி). சட்டிக் கணக்கு வேண்டாம், மதியத்துக்கு மேல் சட்டி குவிந்துகொண்டே போகும். தண்ணீர் ஒரு மூட்டைக்கு 25 லிட்டரை ஒட்டியே இருக்கட்டும். இழுக்கச் சுலபமாக இருக்கும் என்று கூடுதலாக ஊற்றுகிற ஒவ்வொரு குடமும் பலத்தைக் குறைக்கும், காய்ந்ததும் நுண்துளைகளை விட்டுப் போகும்.

எம்-25, எம்-30 என்று படத்தில் இருந்தால் ரெடிமிக்ஸ்தான் (ஆலையில் கலந்து வண்டியில் வரும் கான்கிரீட்) சரி. கடலோர வீடுகளுக்குப் பெரும்பாலும் அதுதான் வரும். வண்டி உங்கள் சந்துக்குள் நுழையுமா, பம்ப் எங்கே நிற்கும் என்று முன்பே நடந்து பாருங்கள். மணலி சாலையிலோ எண்ணூர் விரைவுச் சாலையிலோ கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் வண்டி தாமதமாகும். ரசீதில் கலந்த நேரம் இருக்கும். அதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். தாமதமான வண்டியில் டிரைவர் தண்ணீர் ஊற்றி இளக்கப் பார்ப்பார். அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். ஆறு க்யூப் (அதே கான்கிரீட்டில் வார்த்த சோதனைக் கட்டி) எடுத்து வைத்து, மூன்றை 7-ஆம் நாளும் மூன்றை 28-ஆம் நாளும் சோதியுங்கள்.

வைப்ரேட்டர் இரண்டு வேண்டும். ஒன்று நின்றுவிட்டால் அடுத்தது கையில் இருக்க வேண்டும். பீம், பில்லர் சேரும் இடத்தில் கம்பி நெருக்கம், அங்கே கான்கிரீட் இறங்காமல் பொந்து விழும். அந்த இடங்களில் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள்.

11. தண்ணீர் கட்டுவதும் சென்ட்ரிங் பிரிப்பதும்

மறுநாள் காலையே மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். நம் ஊரில் பெரும்பாலும் போடுவது பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட், மெதுவாகப் பலம் ஏறுவது. அதனால் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள். தளத்துக்கு எல்லோரும் தண்ணீர் விடுவார்கள், பில்லரை மறந்துவிடுவார்கள். பில்லருக்குச் சாக்கு சுற்றி, நாளைக்கு மூன்று முறை நனையுங்கள். இதற்கு மட்டும் மேஸ்திரியை நம்பாமல் ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவே காலை, மதியம், மாலை என்று பார்த்துக்கொண்டார்.

அடுத்த சைட்டுக்குச் சாமான் வேண்டும் என்று சென்ட்ரிங் ஆட்கள் அவசரப்படுத்துவார்கள். தாங்கும் பீமுக்குப் பீம் 4.5 மீட்டருக்குள் உள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்பது சாதாரண (ஓ.பி.சி.) சிமென்ட்டுக்கான குறைந்தபட்சம். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. பி.பி.சி.க்கு எத்தனை நாள் என்று இன்ஜினியரைக் கேளுங்கள். கூடுதல் நாள் வாடகை பெரிய தொகை அல்ல.

மேல்தளத்துக்காக விட்ட பில்லர் கம்பிகளைச் சிமென்ட் பால் பூசி, மெலிந்த கலவையால் மூடிவிடுங்கள். எத்தனை மாடிகளில் அவை துருப்பிடித்து, துரு உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது!

12. பூச்சுக்கு முன்

வரிசை இப்படி: சுவரைப் பிளந்து மின் பைப், தண்ணீர்க் குழாய் பதித்து, குழாயில் அழுத்தம் ஏற்றி ஒரு நாள் முழுக்கக் கசிவு பார்த்து, அதன் பிறகே பூச்சு. பாத்ரூமில் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகே டைல்ஸ்.

மீட்டர் பெட்டியையும் கீழ்த்தள சுவிட்சுகளையும் வெள்ளக் கோட்டுக்கு மேல் வையுங்கள். கழிவுநீர் தெருக்குழாயில் சேரும் இடத்தில் எதிர்த்து வராமல் தடுக்கும் வால்வு ஒன்று அவசியம். பெருமழையில் தெருச் சாக்கடை கீழ்த்தளக் கழிப்பறை வழியாகத்தான் முதலில் வீட்டுக்குள் வரும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். அதைக் கணக்குக்குக் கட்டாதீர்கள். களிமண் பகுதியில் குழி களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்கு வரை இறங்கவில்லை என்றால் தண்ணீர் உள்ளே போகாது.

13. கடைசிப் பணம்

மொத்த லேபர் தொகையில் 5 சதவீதத்தை முதல் மழைக்காலம் முடியும் வரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதியிருங்கள். கார்த்திகையில் ஒரு நல்ல மழை அடித்த மறுநாள், மேஸ்திரியை அழைத்து மாடியில் தண்ணீர் தேங்குகிறதா, ஜன்னல் மேல் மூலையில் ஈரம் இருக்கிறதா, பாத்ரூமுக்குக் கீழே கூரையில் கறை இருக்கிறதா என்று சேர்ந்து பாருங்கள். எங்கள் வீட்டில் மாடிப்படி ஹெட்ரூம் சுவரில் ஒரு கசிவு வந்தது. மேஸ்திரி மறுவாரமே ஆள் அனுப்பி, மேலே தளச்சேர்க்கையைப் பிளந்து அடைத்துக் கொடுத்தார். அன்று மாலையே மீதிப் பணத்தையும், ஆட்களுக்கு வேட்டி சட்டையும் கொடுத்தோம்.